பச்சை ஒயர் சுற்றிய வளையம்

பாப்பா,

நீ அனுப்பிய ஆஸ்திரேலியா பஃபிங் பில்லி நீராவி ரயில் படங்களை அம்மாவும் நானும் மூன்று தடவை பார்த்துவிட்டோம். அம்மாவுக்குப் பேரன் முகம் போதும், எனக்குத்தான் அந்த மரப்பாலத்து வளைவில் எஞ்சினும் பெட்டியும் சேர்ந்து தெரிகிற படம். "நம்ம செங்கோட்டை வண்டி மாதிரியே ஆடி ஆடிப் போகுதுப்பா" என்று எழுதியிருந்தாயே, அது சரிதான், ஆனால் அந்தப் பாதை நம்முடையதைவிடக் குறுகல், இரண்டரை அடி. நம்முடையது மீட்டர் கேஜ், மூன்றே கால் அடிக்குக் கொஞ்சம் மேல். 1953-இல் மண் சரிந்து அந்தப் பாதை அடைபட்டு, இனி வேண்டாம் என்று மூடப்போனபோது ரயில் பைத்தியங்கள் சிலர் சங்கம் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். நம் ஊரில் என்னைப் போன்ற பைத்தியங்கள் படம் மட்டும் எடுத்தோம்.

இதை வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ பாதியில் விட்டுவிடுவாய் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை என் படங்களைக் கண்காட்சி வைத்தோம். பெரிதாக நினைத்துக்கொள்ளாதே, தெரிந்தவர் வீட்டு மாடி ஹால், துணி காயப்போடுகிற கயிறு, துணிக் கிளிப்பு, நாற்பது படம். எல்லாம் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் எடுத்தவை. நான் நல்ல படம் என்று நினைத்தவற்றைத்தான் பொறுக்கி மாட்டியிருந்தேன்: முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் தள்ள ஒரு எஞ்சின் என்று ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சின் இரண்டு புகையடித்து மேடேறுவது, கோட்டைவாசல் குகைக்குள் நுழைவது, பதின்மூன்று கல் வளைவுள்ள கண்ணறைப் பாலத்தின் மேல் கொல்லம் வண்டி.

வந்தவர்கள் அதையெல்லாம் "ஆஹா, நல்லாருக்கு" என்று நடந்துகொண்டே பார்த்தார்கள். இடம் மீதியிருக்கிறதே என்று கடைசியாக மாட்டிய ஒரு படத்தின் முன்னால்தான் கூட்டம். அது கெட்டுப்போன படம், பாப்பா. நான் எஞ்சினைக் குறிவைத்து எடுத்தேன், எஞ்சின் இழுத்துக்கொண்டு மங்கலாகிவிட்டது. ஓரத்தில் ஒரு கை மட்டும் பளிச்சென்று விழுந்திருக்கிறது, கையில் டோக்கன் வளையம், ஆள் பாதிதான் இருக்கிறார், தலை இல்லை.

உனக்கு டோக்கன் ஞாபகம் இருக்காது. ஒற்றைப் பாதை அல்லவா, எதிரில் இன்னொரு வண்டி வந்துவிடக்கூடாது. அதனால் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கும், அடுத்த ஸ்டேஷன்காரர் சரி என்று சைகை கொடுத்தால்தான் அதிலிருந்து ஒரு உலோகப் பந்து வெளியே வரும். அந்தப் பந்தைத் தோல் பையில் போட்டு, பையைப் பிரம்பு வளையத்தில் கட்டி, பாயிண்ட்ஸ்மேன் என்கிற ஸ்டேஷன் ஊழியர் பிளாட்பாரத்தில் நீட்டிக்கொண்டு நிற்பார். வண்டி நிற்காமல் போனால் எஞ்சினில் இருப்பவர் கையை நீட்டி வளையத்துக்குள் விட்டு வாங்கிக்கொள்வார், பழைய வளையத்தைக் கீழே எறிவார். தோள்பட்டையில் பட்டால் இரண்டு நாள் வீங்கியிருக்குமாம். அந்தப் பந்து கையில் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை நகர்த்த மாட்டார்.

ஒரு பெரியவர் அந்தப் படத்தை மூக்கு படும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். எழுபத்தைந்துக்குக் குறையாது. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, வளையத்தில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டி, "இது பச்சை ஒயருங்க" என்றார். கறுப்பு வெள்ளைப் படம்! பிரம்பு பிரிந்துபோனபோது பழைய ஒயரைச் சுற்றிக் கட்டியது அவர்தானாம். கீழே நான் 'பகவதிபுரம்' என்று எழுதி ஒட்டியிருந்தேன். "பகவதிபுரத்துல நான் வேலையே பாக்கலை. இது இடப்பாளையம்" என்றார். எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான். முப்பத்தைந்து வருடமாக அதைப் பகவதிபுரம் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து நெகட்டிவை எடுத்துப் பார்த்தேன். அதற்கு அடுத்த ஃபிரேம் கண்ணறைப் பாலம். செங்கோட்டையிலிருந்து போனால் பகவதிபுரம், ஆரியங்காவு, இடப்பாளையம், அதற்கப்புறம்தான் பாலம். அவர் சொன்னதுதான் சரி.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டில்களையெல்லாம் இறக்கினேன். சாரல் காலத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற ஈரம் எதையும் விட்டுவைக்காது, அதற்காக உன் ஆச்சி சொல்லி, அடியில் வறுத்த அரிசியைப் போட்டு, மேலே நெகட்டிவைச் சுருட்டி வைத்தது. இரண்டு பாட்டிலில் பூஞ்சை பிடித்துவிட்டது, ஒன்றைத் திறந்ததும் காடி வாசம், அந்தச் சுருள் போய்விட்டது. மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது. பாதிக்கு மேல் ஊட்டியில் செய்த 'இந்து' என்ற பெயர் போட்ட ஃபிலிம். வேடிக்கையைப் பார், 1908-இல் ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்த மலை ரயில் இன்னும் ஓடுகிறது, அதைப் படம் எடுக்க ஃபிலிம் செய்த தொழிற்சாலைதான் நின்றுபோனது.

என்னிடம் அப்போது இருந்தது செகண்ட் ஹேண்ட் ஆக்ஃபா கிளிக் த்ரீ கேமரா. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஆள் குறுக்கே வந்தால் வண்டி போகும் வரை திட்டுவேன். ஒரு ஸ்டேஷனில் காவலர் ஒருவர் கேமராவைத் திறக்கச் சொல்லி முழு ரோலையும் வெயிலில் காட்டவைத்தார், அதற்கப்புறம் இன்னும் சிக்கனம். ஆள் விழுந்த படங்களைப் பிரிண்ட் போடவே இல்லை. இப்போது ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், எஞ்சின் எல்லாம் ஒரே எஞ்சின், நம்பர்தான் வேறு. ஓரத்தில் இருப்பவர்கள்தான் யாரோ. பலாப்பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பெட்டியில் ஏற முடியாமல் நிற்கிற அம்மா, கேட்டருகில் கொடியோடு ஒருவர், சுத்தியலைத் தோளில் போட்ட கேங்மேன்கள் நான்கு பேர். இவர்கள் பெயரைக் கேட்க எனக்கு எத்தனையோ வருடம் இருந்தது.

புலம்பவில்லை, பாப்பா. சிலர் மீட்டர் கேஜை எடுத்ததே பாவம் என்பதுபோல் பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1904-இல் போட்ட பாதை, அப்போது செங்கோட்டையே திருவிதாங்கூரில் இருந்தது, 1956-இல்தான் நம் பக்கம் வந்தது. நூற்றாறு வருடம் உழைத்துவிட்டு 2010 செப்டம்பரில் நின்றது. எட்டு வருடம் வண்டியே இல்லாமல் பஸ்ஸில் அடிபட்டோமே, அதை நினைத்தால் அகலப்பாதை 2018-இல் வந்ததே பெரிது. பதின்மூன்று கண்ணறையையும் இடிக்காமல் பலப்படுத்தி, அதன் மேலேயேதான் இப்போதும் வண்டி போகிறது.

பெரியவரை அடுத்த வாரம் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன். பிரிண்ட் போடாத படங்களை லேப்டாப்பில் பெரிதாக்கிக் காட்டி, அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டு, அப்புறம் பிரிண்ட் போட்டு அதன் பின்னால் எழுதப்போகிறேன். பால் பாயிண்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும், மென்மையான பென்சில்தான். பழைய சகாக்கள் இரண்டு பேரைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா இப்போதே வடைக்கு உளுந்து எவ்வளவு என்று கணக்குப் போடுகிறாள்.

உனக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பாட்டில்களில் நீயும் அகப்பட்டாய். கம்பி ஜன்னல், வெளியே தலையை நீட்ட முடியாமல் கன்னத்தைக் கம்பியில் அழுத்திக்கொண்டு, முன்பல் இரண்டும் இல்லை, கண்ணோரம் கரி மாதிரி ஏதோ தூசி. பின்னால் ஸ்டேஷன் போர்டு பாதி தெரிகிறது, கடைசி எழுத்து 'லை'யா 'டி'யா என்று சண்டை. தென்மலை என்கிறாள் அம்மா, கழுத்துருட்டி என்கிறேன் நான். இந்தக் கடிதத்தோடு படத்தையும் வைத்திருக்கிறேன், பார். உன் கையில் இருப்பது பலாச்சுளை என்றால் அம்மா சொல்வது சரி, தென்மலையில்தான் வாங்கினோம் என்று சத்தியம் செய்கிறாள். எனக்கு அது நேந்திரங்காய் வறுவல் மாதிரிதான் தெரிகிறது. ஞாபகம் இருந்தால் போன் பண்ணிச் சொல், ஞாயிறுக்குள் சொன்னால் நல்லது, பென்சிலில் எழுதிவிடுவேன்.

அப்பா