இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு வேன்ல உக்காந்திருந்த கணக்கு சார் - தனியார் பள்ளிகள் இயக்குநருக்கு ஒரு அம்மாவோட திறந்த மடல்

தனியார் பள்ளிகள் இயக்குநர் அவர்களுக்கும் எங்க மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு தாலுகா ஊர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். என் பொண்ணு அஞ்சாவது படிக்குறா, மெட்ரிக் ஸ்கூல்ல. எந்த ஸ்கூல்னு இங்க சொல்லப் போறதில்ல, ஏன்னா இத ஒரு ஸ்கூலோட பிரச்சனையா நீங்க முடிச்சு வெச்சுடக் கூடாதுன்னு தான் இந்த மடலே எழுதுறேன்.

போன ஜூன்ல புது கணக்கு சார் வந்தாரு. எம்.எஸ்சி., பி.எட்.னு சொல்லி பேரன்ட்ஸ் மீட்டிங்ல அறிமுகம் பண்ணாங்களாம், அந்த மீட்டிங்குக்கு என் வீட்டுக்காரர் தான் போனாரு. புள்ளைங்களுக்கு அவர ரொம்பப் புடிக்கும், அடிக்க மாட்டாரு, நல்லா கதை சொல்லுவாரு. ஆகஸ்ட்ல ஒரு நாள் பொண்ணோட நோட்ட பாத்தேன். 1/3 பெருசா 1/4 பெருசான்னு கேள்வி, இவ 1/3னு சரியா எழுதியிருக்கா, அத சிவப்பு மையில அடிச்சுட்டு பக்கத்துல 1/4னு திருத்தி "கவனம் தேவை"னு எழுதியிருந்துச்சு. கேட்டா 3ஐ விட 4 பெருசுல்லம்மா, சார் அப்படித்தான் சொன்னாருன்னா. ஒரு தோசைய மூணா வெட்டினேன் இன்னொன்ன நாலா வெட்டினேன், எது வேணும்னு கேட்டேன். மூணுல ஒரு துண்ட தான் எடுத்தா, எடுத்து தின்னுட்டே "பரீட்சைல 1/4னு தான் எழுதுவேன், சார்கிட்ட மார்க் வேணும்ல"ன்னு சொன்னா. பத்து வயசுப் புள்ள, கண்ணால பாத்தது வேற பரீட்சைல எழுத வேண்டியது வேறன்னு அன்னிக்கே கத்துக்கிட்டா. ஸ்கூல்ல போய் கேட்டேன், சார் பெரிய படிப்பு படிச்சவர், நீங்க வீட்ல சொல்லிக் குடுத்து புள்ளைய குழப்பாதீங்கன்னு அனுப்பிட்டாங்க.

நவம்பர்ல ஒரு சாயங்காலம் கடைக்கு ஒரு பையன் வந்தாப்ல, இருவத்தி நாலு இருவத்தஞ்சு வயசு இருக்கும், போன்ல இருந்து ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கணும்னாப்ல. அனுப்பச் சொல்லி ஓப்பன் பண்ணேன். பி.எஸ்சி. கணிதம், அரியர் ஏழு பேப்பர், அதுல ரெண்டு முதல் வருஷத்து பேப்பர். பிரிண்ட் கொடுத்துட்டு இருக்கேன், உள்ள உக்காந்து ஹோம்வொர்க் பண்ணிட்டு இருந்த என் பொண்ணு டக்குனு எந்திரிச்சு நின்னு "குட் ஈவினிங் சார்"னா. அந்தப் பையன் மொகத்துல ரத்தமே இல்ல. பேப்பர் மெஷின்ல இருந்து வந்துக்கிட்டே இருக்கு, மூணு பேரும் அதையே பாத்துட்டு நிக்குறோம்.

பொண்ண டீ வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பிட்டு கேட்டேன். "அக்கா, மாசம் எட்டாயிரம் தர்றாங்கக்கா, அரியர் இருக்குன்னு சொல்லித்தான் சேந்தேன், கரஸ்பாண்டன்ட்டுக்கு எல்லாம் தெரியும், யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா"ன்னு அழுதுட்டாப்ல. அவர் மேல எனக்கு கோவம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எட்டாயிரத்துக்கு ஒரு ஆள் வேணும், அது யாரா இருந்தாலும் சரின்னு முடிவு பண்ணவங்க மேல இருக்குற கோவத்துல அது கால்வாசி கூட இல்ல.

இப்ப தான் முக்கியமான விஷயத்துக்கு வரேன். ஜனவரில உங்க ஆபீஸ்ல இருந்து ஆய்வுக்கு வந்தீங்க. வரப் போறீங்கன்னு ஸ்கூலுக்கு ரெண்டு நாள் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. அன்னிக்கு காலைல எங்க தெருவுக்கு வேன் வந்தப்ப ஆயா உக்கார்ற சீட்ல காக்கி சட்டை போட்டு கணக்கு சார் உக்காந்திருந்தாரு. புள்ளைங்க கைய புடிச்சு ஏத்தி விட்டாரு, என்னைய பாத்ததும் தலைய குனிஞ்சுக்கிட்டாரு. கிளாஸ்ல அவர் எடத்துல வேற ஒரு அம்மா. பி.எட். முடிச்சவங்க, சர்டிபிகேட்ட ஸ்கூல்ல கொடுத்து வெச்சிருக்காங்க, ரெஜிஸ்டர்ல அவங்க பேர் தான் இருக்கு, மத்தபடி வருஷத்துல அந்த ஒரு நாள் தான் வருவாங்கன்னு அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்கு முந்தின நாளே ஸ்கூல்ல புள்ளைங்ககிட்ட சொல்லிட்டாங்களாம், ஆபீசர் கேட்டா இவங்க தான் நம்ம மேத்ஸ் மிஸ்னு சொல்லணும், ஜூன்ல இருந்து இவங்க தான் எடுக்குறாங்கன்னு சொல்லணும். உங்க ஆபீசர் என் பொண்ண எழுப்பி கேட்டிருக்காரு. அவ சொல்லிட்டா. சாயங்காலம் வந்து கையை நீட்டி காமிச்சா, பொறங்கையில தங்க கலர் ஸ்டார் ஸ்டிக்கர். "பொய் நல்லா சொன்னதுக்கு குடுத்தாங்கம்மா."

சார், அந்த பின்னத்த நான் தோசைய வெட்டி திருத்திடுவேன். இத என்னத்த வெட்டி திருத்துறது?

இது எங்க ஊர்ல மட்டும் நடக்குறதில்லன்னு உங்களுக்கும் தெரியும். 2024 ஜூலைல ஊழலுக்கு எதிரா வேலை பாக்குற அறப்போர் இயக்கம் இன்ஜினியரிங் காலேஜ் லிஸ்ட்ட எடுத்துப் போட்டுச்சே, ஒரே ஆள் ஒரே நேரத்துல பல காலேஜ்ல புரொபசர்னு கணக்குல இருந்தாங்க, அண்ணா யுனிவர்சிட்டியே விசாரணை வெக்க வேண்டியதா போச்சு. அங்கயும் இதே சர்டிபிகேட் வாடகை தான். உத்தரப் பிரதேசத்துல 2020ல ஒரே டீச்சர் பேர் 25 அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள்ல இருக்கு, 13 மாசத்துல ஒரு கோடி ரூபா சம்பளம் போயிருக்குன்னு செய்தி வந்துச்சு. கடைசில பாத்தா அந்த சர்டிபிகேட்டுக்கு சொந்தக்காரம்மா ஒரு வேலையும் இல்லாம வீட்ல இருந்தாங்க. அவங்க பேர்ல வேற பொண்ணுங்க வேலை பாத்திருக்காங்க. படிச்சவ வீட்ல, அவ பேரு மட்டும் ஊர் ஊரா சம்பளம் வாங்குது. எங்க ஸ்கூல் ரெஜிஸ்டர்ல இருக்குற அந்த அம்மாவ நெனச்சாலும் எனக்கு இதே தான் தோணுது, அவங்களுக்கு முழு சம்பளம் கொடுத்து வெச்சிருந்தா புள்ளைங்களுக்கும் நல்லது அவங்களுக்கும் நல்லது.

ஆள் யாருன்னு விசாரிக்காம உள்ள விட்டா எது வரைக்கும் போகும்னு கிருஷ்ணகிரி மாவட்டத்துல பாத்தோம். 2024 ஆகஸ்ட்ல ஒரு தனியார் பள்ளில என்.சி.சி. முகாம்னு நடத்துனாங்க, நடத்துனவங்களுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லன்னு என்.சி.சி. சொன்னது எப்போ? முகாம்ல ஒரு சின்னப் பொண்ணுக்கு பாலியல் கொடுமை நடந்து ஊரே கொந்தளிச்ச பிறகு. முன்னாடியே ஒரு போன் போட்டு கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். எங்க கணக்கு சார் அந்த மாதிரி ஆள் இல்ல, ஆனா அந்த மாதிரி ஆள் வந்திருந்தாலும் இதே கேட்டு வழியா இதே மாதிரி தான் உள்ள வந்திருப்பான்.

சட்டம் இல்லாம இல்ல. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1ல இருந்து அமல்ல இருக்கு, அதோட 23வது பிரிவு டீச்சருக்கு என்ன தகுதி வேணும்னு சொல்ல வேண்டிய அதிகாரம் யாருக்குன்னு சொல்லுது, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் (என்.சி.டி.இ.) அந்தத் தகுதிய அறிவிச்சாச்சு. தகுதி இல்லாம வேலைல இருக்குறவங்களுக்கு 2019 மார்ச் 31 வரைக்கும் டைம் கொடுத்து அதுவும் முடிஞ்சு போச்சு. 2025 செப்டம்பர் 1ல சுப்ரீம் கோர்ட், சர்வீஸ்ல இருக்குற டீச்சர்ங்க கூட அஞ்சு வருஷத்துக்கு மேல சர்வீஸ் பாக்கி இருந்தா ரெண்டு வருஷத்துக்குள்ள ஆசிரியர் தகுதித் தேர்வு, அதான் டெட், பாஸ் பண்ணணும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. முறையா படிச்சு இருபது வருஷமா பாடம் எடுக்குறவங்க இன்னிக்கு ராத்திரி கண்ணு முழிச்சு டெட்டுக்கு படிக்குறாங்க, எங்க கடைல தான் வந்து மெட்டீரியல் ஜெராக்ஸ் போடுறாங்க. அதே தெருவுல காக்கி சட்டை மாட்டி ஒரு நாள ஓட்டிட்டா போதும்னு இன்னொரு பக்கம் நடக்குது.

அதனால கேக்குறேன். அரசுப் பள்ளி டீச்சர்னா சர்டிபிகேட் நெஜம் தானான்னு சரிபாத்து உண்மைத்தன்மை வாங்குறீங்கல்ல, அத தனியார் பள்ளிக்கும் வாங்குங்க. ஒவ்வொரு கிளாசுக்கும் யார் எடுக்குறாங்க, போட்டோ, பேரு, படிப்பு எல்லாத்தையும் ஸ்கூல் வாசல்ல போர்டா மாட்டச் சொல்லுங்க. கல்வித்துறையோட எமிஸ் வெப்சைட்ல டீச்சர் விவரம் எல்லாம் ஏத்துறீங்க, அத பெத்தவங்க நாங்களும் பாக்குற மாதிரி பண்ணுங்க. போட்டோவ பாத்தா என் பொண்ணே சொல்லிடுவா இது எங்க சார் இல்லன்னு. சொல்லாம வாங்க, வந்தா ரெஜிஸ்டர பாக்குறதுக்கு முன்னாடி சம்பளம் எந்த பேங்க் அக்கவுன்ட்டுக்கு போகுதுன்னு பாருங்க. புள்ளைங்கள எழுப்பி டீச்சர் பேர கேக்காதீங்க, தயவு செஞ்சு. அதுங்களுக்கு அத எப்படி சொல்லணும்னு ஏற்கனவே சொல்லிக் குடுத்து வெச்சிருக்காங்க.

பீகார்ல போலி சர்டிபிகேட் டீச்சர்ங்களுக்கு 2015ல பாட்னா ஹைகோர்ட் ஒரு வாய்ப்பு கொடுத்துச்சு, தானா ராஜினாமா பண்ணா நடவடிக்கை இல்லன்னு, ஆயிரத்துக்கும் மேல பேர் எழுதிக் கொடுத்துட்டு போனாங்க. அந்த மாதிரி இங்கயும் வெச்சீங்கன்னா எங்க சார் மாதிரி பசங்க போய் அரியர முடிச்சு முறையா பி.எட். படிச்சு வருவாங்க. ஆனா தெரிஞ்சே வெச்ச நிர்வாகத்துக்கு அந்த வாய்ப்பு வேண்டாம்.

நான் கரஸ்பாண்டன்ட்ட கேட்டதுக்கு டி.சி. வாங்கிக்கோங்கன்னாரு. அடுத்த வாரம் சார நிறுத்திட்டாங்க, இப்ப விளையாட்டு சொல்லித் தர்ற பி.டி. சார் தான் கணக்கு எடுக்குறாரு. வருஷ நடுவுல வேற ஸ்கூல் கிடைக்கல, அதனால பொண்ணு அங்க தான் போயிட்டு இருக்கா. அந்த நோட்டு என்கிட்ட பத்திரமா இருக்கு, ஸ்டிக்கரையும் அவ அதே பக்கத்துல தான் ஒட்டி வெச்சிருக்கா. நீங்க எப்ப கூப்பிட்டாலும் கடைய சாத்திட்டு எடுத்துக்கிட்டு வரேன்.

இப்படிக்கு,
ஒரு அஞ்சாம் வகுப்பு புள்ளையோட அம்மா