சட்ட வாசிப்பு வட்டம்: செயலாளரின் 2025ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

இலண்டன் ஹாரோவில் கூடும் நம் வட்டம் சென்ற ஆண்டில் எட்டு அமர்வுகளை நடத்தியது. யூலை 1இல் ஐக்கிய இராச்சியத்தில் நடைமுறைக்கு வந்த ஒரு நாட்டுத் தீர்ப்பை மற்ற நாடுகளில் செயற்படுத்த உதவும் ஹேக் தீர்ப்பு உடன்படிக்கைக்கும், ஆகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்த புதிய நடுத்தீர்ப்புச் சட்டத்துக்கும் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் மூலம் பிணக்கைத் தீர்ப்பது) ஒவ்வொரு மாலை ஒதுக்கப்பட்டது. கோடைக்கால ஒன்றுகூடல் மழையால் கைவிடப்பட்டது.

நெருக்கடியிலுள்ள கம்பனிகள் தம் கடன்களை மாற்றியமைக்க முன்வைக்கும் மறுசீரமைப்புத் திட்டங்களுக்கு மட்டும் ஏன் மூன்று அமர்வுகள் என்று செயற்குழுவில் கேட்கப்பட்டது. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கடன்கொடுத்தோரில் ஒரு பிரிவு முழுவதுமே எதிர்த்து வாக்களித்தாலும், நீதிமன்றம் அப்பிரிவையும் திட்டத்துக்குக் கட்டுப்படுத்தலாம். திட்டம் இல்லாதிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதை விடக் குறையாமல் அவர்களுக்குக் கிடைத்தால் போதும் என்று முதலில் பலர் கருதினர். 2024 ஜனவரியில் அட்லர் வழக்கிலும், 2025 யூலை 1இல் பெட்ரோஃபக் வழக்கிலும் மேன்முறையீட்டு நீதிமன்றம் அது போதாது என்றது. மறுசீரமைப்பினால் உண்டாகும் நன்மை நியாயமாகப் பங்கிடப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும் என்று கூறி, இரு திட்டங்களுக்கும் கிடைத்திருந்த அங்கீகாரத்தை நீக்கியது. பெரிய கம்பனிக்குச் சரக்குக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் நம்மவர்களுக்கு இதைவிட நெருக்கமான விடயம் ஏது?

இனி, சென்ற ஆண்டு என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட சட்டச் சொற்களுக்கான தமிழ்ச் சொற்கோவை பற்றி விளக்கக் கடமைப்பட்டுள்ளேன். மே மாத அமர்வுக்கு வந்த ஒரு கடைக்காரர், "லிமிட்டெட் கம்பனிதானே, கடன் கம்பனியோடு போய்விடும், எனக்கென்ன?" என்று கேட்டார். 750 பவுணுக்கு மேற்பட்ட கடனுக்கு முறைப்படி எழுத்தில் கோரிக்கை வந்து மூன்று வாரத்துக்குள் தீர்க்காவிட்டால், கம்பனியைக் கலைக்க மனுச் செய்யலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கம்பனி மீளாது என்று அறிந்தபின்னும், அல்லது அறிந்திருக்க வேண்டிய நிலையிலும், கடன்கொடுத்தோரின் இழப்பைக் குறைக்க வேண்டிய நடவடிக்கைகளை எடுக்காமல் வியாபாரத்தைத் தொடர்ந்தால், 1986ஆம் ஆண்டு நொடிப்புச் (கடனைத் தீர்க்க முடியாமை பற்றிய) சட்டத்தின் 214ஆம் பிரிவு பணிப்பாளரின் (இயக்குநரின்) சொந்தப் பணத்தைத் தொடும் என்பதும் தெரிந்திருக்கவில்லை. 2022இல் சிக்வானா வழக்கில் உச்ச நீதிமன்றம், கம்பனி நொடிப்பின் விளிம்புக்கு வந்ததும் பணிப்பாளர் கடன்கொடுத்தோரின் நலனையும் எண்ணிப்பார்க்க வேண்டும் என்றது. சட்டப்படி சரியாகவே வழங்கப்படும் பங்குலாபத்துக்கும் இது பொருந்தும் என்பதைத்தான் அந்தக் கடைக்காரருக்கு நான் இருமுறை சொல்ல வேண்டியிருந்தது. 1 பவுணுக்குக் கைமாறி அடுத்த ஆண்டே வீழ்ந்த பிஎச்எஸ் கடைக்குழுமத்தின் முன்னாள் பணிப்பாளர்களுக்கு எதிராக 2024 யூனில் வந்த தீர்ப்பு, இவை ஏட்டுச் சட்டங்கள் அல்ல என்று காட்டிவிட்டது.

இவற்றைச் சொல்ல நம்மிடம் ஒரே மாதிரியான சொற்கள் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவருக்கு வங்குரோத்து. சென்னையிலிருந்து வந்தவருக்குத் திவால். இங்கிலாந்துச் சட்டத்திலோ அது தனிமனிதருக்கே உரியது; கம்பனிக்குக் கலைப்பும் நிர்வாகக் காப்பும் (கம்பனியைக் காக்க நிர்வாகத்தை வெளியார் ஒருவரிடம் ஒப்படைப்பது) வேறு வேறு. இலங்கையில் நாட்டின் உச்சியிலிருக்கும் மன்றத்தை உயர் நீதிமன்றம் என்கிறோம். தமிழ்நாட்டில் அதே பெயர் அதற்கு ஒரு படி கீழே இருப்பதைக் குறிக்கும். இதனால் ஒரே குறிப்பைப் படித்த இருவர், வழக்கு எங்கே முடிந்தது என்பதில் முரண்பட்டதை நான் நேரில் கண்டேன். ஆகவே சொற்கோவையில் உச்ச நீதிமன்றம் (Supreme Court), மேல் நீதிமன்றம் (High Court) என்ற மயக்கமற்ற பெயர்களையே வைத்துள்ளோம்.

நூறு சொற்களை எழுத ஒன்பது அங்கத்தவர்கள் கடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கையுயர்த்தினார்கள். இருவர் மட்டுமே எழுதித் தந்தார்கள். மிகுதியில் அறுபதை நானே எழுதினேன். சட்டத்தரணிகளாகவும் கணக்காளர்களாகவும் உள்ள அங்கத்தவர்கள் தொடர்ந்து வராமலிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. மோசடி வியாபாரத்தில் அறிந்தே பங்குகொண்ட வெளியாரும் பொறுப்பேற்க நேரலாம் என்ற பில்டா தீர்ப்பை விளக்க ஒரு கணக்காளர் இருந்திருந்தால், அதைப் பற்றி எழுந்த கேள்விகளுக்கு முழுமையான விடை கிடைத்திருக்கும். அங்கத்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இரண்டு ஆண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. மூன்று முறை கடிதம் அனுப்பினேன்.

வரவும் செலவும் பெரும்பாலும் சமமாகவே உள்ளன. மண்டப வாடகை கூடியதால் சேமிப்பிலிருந்து சிறு தொகை எடுக்கப்பட்டது. விபரம் பொருளாளரிடம் உண்டு. அவருக்கும், கணக்காய்வாளருக்கும், தேநீர்ப் பொறுப்பை ஏற்ற குடும்பங்களுக்கும் நன்றி.

மறுசீரமைப்புத் திட்டங்களுக்கான நீதிமன்றத்தின் புதிய நடைமுறை அறிவுறுத்தல் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. திட்டத்தை முன்வைப்போர் கடன்கொடுத்தோருடன் முற்கூட்டியே பேச வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. முதல் அமர்வை அதற்கே ஒதுக்க விரும்புகிறேன். உடன் உழைக்க இருவராவது முன்வந்தால் இப்பதவியில் இன்னுமோர் ஆண்டு தொடர எனக்குத் தடையில்லை. வராவிட்டால் செயற்குழு வேறொருவரைத் தேடுவதே முறை. எழுதப்படாத சொற்களின் பட்டியல் பொதுக்கூட்டத்தன்று வரவுப் பதிவேட்டின் அருகே இருக்கும். எடுத்துக்கொள்ளும் சொல்லுக்கு எதிரே பெயரையும், முடித்துத் தரும் திகதியையும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்