மார்கழிப் பூரட்டாதி

உ
சிவமயம்

கோட்டையூர்

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதிக்கொள்வது. உன்னைப் பெற்ற நானும் அப்பச்சியும் நலம். உன் நலத்துக்குப் பிள்ளையார்பட்டி அப்பன் துணை.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலிருந்து போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தை பிறந்தால் உனக்கு 30 நிறைகிறதே, என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். "வேலை நாள் ஆத்தா, அதற்கென்று ஒன்றும் செய்யப்போவதில்லை" என்றாய். குரலில் ஒரு வருத்தமாவது இருந்திருந்தால் நான் ஆறுதல் சொல்லியிருப்பேன். அதுவும் இல்லை. போனை வைத்த பிறகு வெகுநேரம் பட்டாலைக் கூடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் பிறந்தநாள் எப்படிப் போனது என்று உனக்குச் சொல்லவே இல்லையே என்று அப்போதுதான் தோன்றியது. போனில் சொன்னால் நாலு வார்த்தையில் முடிந்துவிடும். அதனால்தான் கடிதம்.

என் பிறந்தநாள் எது என்று கேட்டால் ஜூன் 1 என்பாய். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதி அது. எங்கள் வகுப்பில் நிறையப் பேருக்கு அதே ஜூன் மாதம்தான். என் ஆத்தாவை, அதாவது உன் ஆயாவைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள்: "பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொண்ட மறுநாள், விடியுமுன் பிறந்தவள் நீ." இழை என்பது மாவில் வைத்து ஏற்றி வாயில் போட்டுக்கொள்கிற நூல் திரி. நோன்பு, சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில் வருவது. சதயத்துக்கு அடுத்தது பூரட்டாதி. ஆக நான் மார்கழிப் பூரட்டாதி.

அந்த நாள் ஒருபோதும் என் நாளாக இருந்ததில்லை. நோன்பு முடிந்த மறுநாள் வீட்டில் வேலை குவிந்து கிடக்கும். தாம்பாளங்களைத் துலக்க வேண்டும், மிஞ்சிய பொரியைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும், வாடிய ஆவாரம்பூவைக் கூட்டி அள்ள வேண்டும். யார்மேலும் குறையாக இதைச் சொல்லவில்லை. எங்கள் தலைமுறைப் பெண்பிள்ளைகளுக்கு அப்படித்தான். உன் ஆயாவுக்குத் தன் நட்சத்திரம் தெரியும், வருடம் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பச்சிக்கு அறுபதாம் ஆண்டுச் சாந்தி செய்தோமே, நீயும் வந்திருந்தாய். நடு முற்றத்து வளவு கொள்ளாத கூட்டம். நான் மாலையோடு பக்கத்தில் நின்றேன். மனம் நிறைந்த நாள் அது. அன்று இரவு வெள்ளிப் பாத்திரங்களை எண்ணித் துடைத்துப் பெட்டகத்தில் வைக்கும்போது எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொண்டேன். எனக்கும் 60 வரும், அன்று எனக்குப் பிடித்ததை மட்டும் செய்வேன் என்று. யாரிடமும் சொல்லவில்லை, அப்பச்சியிடம்கூட. இந்த மார்கழியில் அந்த நாள் வந்தது.

விடியுமுன் எழுந்தேன். பனி இறங்கி முகப்புப் படிக்கட்டெல்லாம் நனைந்திருந்தது. கோலம் போட்டுவிட்டுக் குளித்து, பெட்டியில் இருந்த அரக்குக் கண்டாங்கியை எடுத்துக் கட்டிக்கொண்டேன். என் ஆத்தா கட்டிய சேலை அது. கட்டம் கொஞ்சமும் மங்கவில்லை, கரை மட்டும் ஓர் இடத்தில் இழை விட்டிருக்கிறது. அப்பச்சி பார்த்துவிட்டு, "இன்றைக்கு என்ன விசேஷம்?" என்றார்கள். சொன்னேன். கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர்கள், அரை மணியில் நான்கு முழம் பூவோடு திரும்பி வந்தார்கள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர்கள் எனக்கென்று போய்ப் பூ வாங்கி வந்தது அதுதான் முதல் தடவை.

இருவரும் காரைக்குடி போய் பஸ் மாறிப் பிள்ளையார்பட்டி போனோம். குடைவரைக்குள் கூட்டம் இல்லை. வடக்கு பார்த்து, இரண்டே கைகளோடு, பாறையோடு பாறையாக உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கு முன்னால் என் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்யச் சொன்னேன். உன் நட்சத்திரத்துக்கும் அப்பச்சி நட்சத்திரத்துக்கும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "பூரட்டாதி" என்று என் வாயால் சொன்னபோது கண் கலங்கிவிட்டது.

பிற்பகலுக்கு நான்கு பேரை வரச்சொல்லியிருந்தேன். தேவகோட்டையிலிருந்து என்னோடு படித்த தோழி வந்தாள். பக்கத்து வீட்டுப் பெரிய ஆச்சி பிடித்துப் பிடித்து நடந்து வந்தார்கள். தினமும் கீரை கொண்டுவரும் அம்மா, கூடையை முகப்பில் இறக்கிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவளை நான் உட்காரச் சொன்னது அன்றுதான். பதினைந்து வருடமாக வாசலில் நிற்க வைத்தே காசு கொடுத்து அனுப்பியிருக்கிறேன் என்பது அவள் உட்கார்ந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. நான்காவது ஆள், என்னிடம் கொட்டான் என்கிற ஓலைக்கூடை முடையக் கற்றுக்கொள்ள வரும் ஆத்தங்குடிப் பெண். அவள் அப்பாவுக்குத் தரைக்கல் போடுகிற தொழில். வந்ததும் வராததுமாக நம் பட்டாலைத் தரையில் குனிந்து கையால் தடவிப் பார்த்தாள். கண்ணாடிமேல் சாயத்தை ஊற்றி, மண்ணும் சிமெண்டும் போட்டு அழுத்தித் தண்ணீரில் ஊறவைப்பதை வீட்டில் அன்றாடம் பார்க்கிறவள் அவள். "நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும் ஆச்சி, பூட்டி வைத்தால்தான் மங்கிப்போகும்" என்றாள். மூன்று கட்டு வீட்டில் இரண்டு பேராக இருக்கிற எனக்கு அந்தச் சொல் மனத்திலேயே நின்றுவிட்டது.

அவர்களுக்கு வெள்ளைப் பணியாரம் சுட்டேன். உனக்குப் பிடித்த பலகாரம் என்றுதான் இத்தனை காலம் சொல்லிவந்தேன். உண்மையில் எனக்கும் அதுதான் பிடிக்கும். சின்ன வயதில் நீ அடுப்படியில் உட்கார்ந்து சட்டியையே பார்த்துக்கொண்டிருப்பாய், நினைவிருக்கிறதா? ஒரு டம்ளர் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாக வைத்தால் எவ்வளவு நிற்குமோ அவ்வளவுதான் உளுந்து. இரண்டையும் ஒன்றாக ஊறவைத்து வெண்ணெய் போல ஆட்ட வேண்டும். உப்பும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் போதும். கரண்டியில் எடுத்து எண்ணெயின் நடுவில் ஒரே ஊற்றாக ஊற்றினால் அடிக்குப் போய், ஒரு மூச்சு விடும் நேரத்தில் பூப்போல மேலே எழும்பும். சுற்றிலும் சரிகை வைத்ததுபோல் ஓரம் முறுகும், நடு மட்டும் பஞ்சாக இருக்கும். சிவக்க விடாமல் எடுப்பதில்தான் இருக்கிறது கைப்பக்குவம். ஒவ்வொன்றாகத்தான் சுட வேண்டும், அவசரப்படுத்தினால் வராது. அன்றைக்கு முதல் இரண்டு அமுங்கிப் போயின. மாவில் ஒரு கை பால் தெளித்துக் கலக்கியதும் மூன்றாவது எழும்பிவிட்டது. மிளகாய்த் துவையலோடு தட்டில் வைத்துக் கொடுத்தேன். பெரிய ஆச்சி பல் இல்லாத வாயால் நான்கு சாப்பிட்டார்கள்.

அப்புறம் வளவில் பாய் விரித்துப் பல்லாங்குழி ஆடினோம். கீரைக்கார அம்மாதான் எல்லாரையும் ஜெயித்தாள். வெயில் பட்டியக்கல்லில் இறங்கி எதிர்ச் சுவரில் ஏறும் வரை ஆடினோம். அத்தனை நேரமும் ஒருத்தர் கையிலும் போன் இல்லை. ஆட்டம் முடிந்ததும் ஓலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஈரத் துணியில் சுற்றி வைத்த ஓலை கையில் பட்டாலே எனக்குப் பத்து வயதாகிவிடுகிறது. என் ஆத்தா கையைப் பிடித்து அடி முடையச் சொல்லிக்கொடுத்த கை இது. கல்யாணத்துக்குப் பிறகு முப்பது வருடம் ஓலையைத் தொடவில்லை. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது, கை மறந்திருக்குமோ என்று பயந்துதான் மறுபடி எடுத்தேன். மறக்கவில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் உன் சமாச்சாரம். பல்லாங்குழிப் பலகையைத் தேடிப் பெட்டகசாலையைத் திறந்தபோது உன் தபால் தலை ஆல்பம் கிடைத்தது. ஏழாம் வகுப்பு வரை உயிராக இருந்தாயே, அதுதான். உன் தாத்தா ஐயாவுக்கு ரங்கூனிலிருந்து வந்த கடித உறைகளை நீ கத்தரித்து, தாம்பாளத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, பசை இளகும் வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாய். ராஜா தலை போட்ட இந்தியத் தபால் தலையின் மேல் பர்மா என்று அச்சடித்தது ஒன்று முதல் பக்கத்தில் இருக்கிறது. 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தபோது, அதற்கென்று புதுத் தலை வரும் வரைக்கும் நம் தலையின் மேலேயே பேரை அச்சடித்து ஓட்டினார்கள் என்று, எங்கோ படித்துவிட்டு வந்து நீதான் எனக்குச் சொன்னாய். பதினொரு வயதில். அப்படிச் சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும்.

பிறகு படிப்பு வந்தது, நுழைவுத் தேர்வு வந்தது. இதெல்லாம் எதற்கு என்று ஆல்பத்தைப் பூட்டி வைத்தது நான்தான் தம்பி. அது தப்பு. இதே கோட்டையூரில் ரோஜா முத்தையா அவர்கள் பழைய புத்தகங்களையும் அழைப்பிதழ்களையும் நோட்டீசுகளையும் தேடித் தேடிச் சேர்த்தார்கள். அவர்கள் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்க, 1994-இல் அவர்கள் பெயரிலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகிவிட்டது. உன் ஆல்பம் நூலகமாக வேண்டாம். உன் முகத்தில் இருந்த அந்த வெளிச்சம் போதும் எனக்கு.

அதனால் உன் பிறந்தநாளைச் சும்மா விட்டுவிடாதே. ஸ்டுட்கார்ட்டில் தாய்லாந்துக்காரர்கள் கடை இருக்கிறது என்றாயே, அங்கே கருப்பு ஒட்டரிசி கிடைக்கும். நம் கவுனி அரிசியும் அதே வகைதான், பர்மாவிலிருந்து வந்தது. ஒரு டம்ளர் எடுத்து முதல் நாள் இரவே ஊறப்போடு. ஊறிய கருநீரைக் கொட்டிவிடாதே, அதிலேயே குக்கரில் வேகவை. நன்றாகக் குழைந்த பிறகுதான் சர்க்கரை சேர்க்க வேண்டும், முன்னாலேயே போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும். தேங்காய்த் துருவல், ஏலம், நெய். ஒருவனாக உட்கார்ந்து தின்னாதே. மாடிப்படியில் பார்த்தால் சிரிக்கிற கிழவி ஒருவர் இருக்கிறார் என்று சொன்னாயல்லவா, அவருக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடு. வேலைக்குப் போவதானால் போய்விட்டு வா. சாயங்காலம் உன்னுடையதாக இருக்கட்டும். அன்று உன் நட்சத்திரத்துக்கு இங்கே அர்ச்சனை செய்துவிடுகிறேன், அதைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம்.

ஆல்பத்தை உனக்கு அனுப்பலாம் என்று அப்பச்சி சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை, இப்போது அது என்னிடம் இருக்கிறது. என் பிறந்தநாளன்று இரவு, அப்பச்சியின் பழைய கவர்களிலிருந்து நான்கு தலைகளைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, துணியில் பரப்பிக் காயவைத்து, நானே ஒட்டினேன். ஒன்று கோணலாகிவிட்டது. ஜெர்மனி என்று நீ பேர் எழுதி வைத்த பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. எனக்குப் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாயே, இதுதான் வேண்டும்: நீ சமைத்த கவுனி அரிசி எப்படி வந்தது என்று ஒரு பக்கம் கையால் எழுதி, உறையில் போட்டு, அந்த ஊர்த் தபால் தலை ஒட்டி எனக்கு அனுப்பு. தலை கசங்காமல் ஓரத்தில் இடம் விட்டு ஒட்டு. தாம்பாளத்தைத் துலக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆத்தா