டூல்ஸ் பை அனுப்பியிருக்கிறேன்

சேந்தமங்கலம்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். நான் கூப்பிடும் நேரம் உனக்கு ஒத்துவருவதில்லை. எடுத்தாலும், சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று நீயே இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். ஸ்பேனர் நம்பரெல்லாம் போனில் சொன்னால் மனத்தில் நிற்காது. அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டுத் தூக்கிப் போடாதே, பையிலேயே வைத்துக்கொள்.

நீ போனில் ஸ்டேட்டஸாக வைத்த இரண்டு படங்களையும் சின்னவள் காட்டினாள். கொல்லிமலையில் பனி இறங்கியிருக்கிற நேரம் போலிருக்கிறது, நன்றாகத்தான் இருந்தது. அம்மா உன் முகத்தைப் பார்த்து இளைத்துவிட்டான் என்றாள். நான் வண்டியைப் பார்த்தேன்.

செயின் தொங்குகிறது கண்ணு. கீழ்ப் பக்கம் வயிறு தள்ளிக்கொண்டு நிற்பது படத்திலேயே தெரிகிறது. எண்ணெய் கண்டு எத்தனை நாளாயிற்றோ, செம்மண் நிறத்தில் இருக்கிறது. பின் டயரில் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகிவிட்டது. இடது இண்டிகேட்டரைக் கறுப்பு டேப் சுற்றி நிறுத்தியிருக்கிறாய். வாங்கிய வருடம் வாரம் தவறாமல் துடைத்து வைத்த வண்டி அது. மாதச் சம்பளம் வாங்குகிறவன் வண்டியை இப்படியா வைத்திருப்பது? வேலை மும்முரத்தில் கவனிக்க முடியாமல் போயிருக்கும். ஆனாலும் அந்தச் செயினோடு ஓசூரிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கி, எழுபது வளைவு ஏறி, மறுபடி அதே வழியில் திரும்பியிருக்கிறாய் என்று நினைத்தால் எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை.

அன்றைக்குப் புதன்கிழமை. ஷிப்ட் மாறி வார விடுமுறை புதனில் வந்திருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டாள். முள்ளுக்குறிச்சி வழியாக ஏறியிருப்பான், அங்கிருந்து நம் வீடு சுற்று என்றேன். நீ நிற்கிற படத்தில் உன் தலைக்கு மேலே வளைவுப் பலகை தெரிகிறது. அந்தப் பலகைகள் காரவள்ளிப் பாதையில்தான் இருக்கின்றன. அவள் கண்ணாடி போட்டாலும் அவ்வளவு சின்ன எழுத்து தெரியாது. பேளுக்குறிச்சி வழியாகவே வந்திருந்தாலும் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து நம் வீடு எவ்வளவு தூரம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சரி, அது கிடக்கட்டும்.

பைக்கு வருகிறேன். பழைய தார்ப்பாயில் அம்மா தைத்தது. சுருட்டிக் கட்டினால் முழங்கை நீளம்கூட வராது. பின்சீட்டில் ரப்பர் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளலாம். முதுகில் மாட்டும் பையில் மட்டும் வைக்காதே, விழுந்தால் இரும்பு முதுகெலும்பில் குத்தும்.

லாரிக்காரன் அனுப்புகிற டூல்ஸ் என்றதும் ஜாக்கியும் சுத்தியலும் இருக்கும் என்று சிரிப்பாய். ஒருநாள் பயணத்துக்கு அவ்வளவு தேவையில்லை. கடையில் விற்கும் பெரிய பெட்டி செட்டை வாங்கினால் பாதி ஸ்பேனர் உன் வண்டியில் எந்த நட்டுக்கும் பொருந்தாது, சும்மா சுமப்பாய். நீ போன தீபாவளிக்கு வந்திருந்தபோது வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு நட்டாகப் பார்த்துக் குறித்துவைத்திருந்தேன். அந்த அளவுகள் மட்டும்தான் இதில் இருக்கின்றன. பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு. பின்சக்கர அச்சுக்குத் தனியாக ஒரு பெரிய ரிங் ஸ்பேனர். அதற்குப் பிடி குட்டை. பிடியில் மாட்டி அழுத்த ஒரு சாண் குழாயும் வைத்திருக்கிறேன். திருகி அளவு மாற்றும் ஸ்பேனரை வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. அது நட்டின் மூலையைத் தின்றுவிடும். பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. இரண்டு பக்கமும் முனை மாற்றிப் போடுகிற திருப்புளி ஒன்று, ஆலன் கீ மூன்று, கட்டிங் பிளேயர் ஒன்று, பிளக் ஸ்பேனர் ஒன்று. உன் வண்டியோடு வந்த பிளக் ஸ்பேனர் மெலிசான தகடு, அதை நம்பாதே.

பை வந்ததும் ஒரு வேலை செய். வேறு எதையும் தொடாமல், இந்தப் பையில் இருப்பதை மட்டும் வைத்து, வீட்டு வாசலிலேயே செயினை இறுக்கு. ஏதாவது ஒரு ஸ்பேனர் குறைந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத் திருகையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மில் கோடு இருக்கும். இடது எந்தக் கோட்டிலோ வலதும் அதே கோட்டில் நிற்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் கோணலாகும். இறுக்கிய பிறகு கீழ்ச் செயினின் நடுவில் விரலால் தூக்கிப் பார். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும். முழுக்க விறைப்பாக வைத்தால் அதுவும் கெடுதல், பேரிங் போகும். சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பார். ஓரிடத்தில் இறுக்கமாகவும் ஓரிடத்தில் தொளதொளவென்றும் இருந்தால் செயின் ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள். உன் செயின் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பஞ்சருக்கு வருகிறேன். உன்னுடையது டியூப்லெஸ் என்பதால் டயர் கழற்றும் லிவரும் டியூபும் வேண்டாம். முறுக்கு அரம், ஊசி, பிசின் தடவிய ரப்பர் திரி, கைப் பம்பு, காற்று பார்க்கிற கேஜ் எல்லாம் பச்சைத் துணியில் சுற்றியிருக்கின்றன. ஆணியைக் கண்டவுடன் பிடுங்கிவிடாதே. பிடுங்கினால் மிச்சக் காற்றும் போய்விடும், பிறகு டயர் அமுங்கி அரம் உள்ளே போக மறுக்கும். முதலில் திரியை ஊசிக் காதில் பாதிவரை கோத்துத் தயாராக வைத்துக்கொள். ஆணி எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொள், அரமும் அதே சாய்வில்தான் போக வேண்டும். பிடுங்கியதும் அரத்தை விட்டு ஐந்தாறு முறை மேலும் கீழும் உரசு. பிறகு ஊசியை அழுத்து. பலம் வேண்டும், உடம்பின் பாரத்தைப் போடு. திரியின் இரண்டு வாலும் ஒரு விரற்கடை வெளியே நிற்கும்போது நிறுத்தி, ஊசியை மட்டும் சட்டென்று இழு. வாலை ஒட்ட வெட்டாதே, கொஞ்சம் விட்டு வெட்டு. எச்சில் தொட்டு வைத்துப் பார். குமிழ் வராவிட்டால் சரி. டயரின் பக்கவாட்டில் கிழிந்திருந்தால் திரி போடக் கூடாது, அது நிற்காது. கைப் பம்பில் அடிக்கக் கை வலிக்கும். ஆனால் நீ நின்ற அந்த வளைவுகளுக்கு நடுவே பஞ்சர் கடையை எதிர்பார்க்க முடியாது.

கிளட்ச் கேபிள் ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறேன். அதைப் பையில் வைக்காதே. பழைய கேபிள் போகிற வழியிலேயே பக்கத்தில் ஓட்டி, கேபிள் டை போட்டுக் கட்டிவிடு. அறுந்தால் இரண்டு முனையை மட்டும் மாற்றினால் போதும், டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை. கேபிள் பெரும்பாலும் கைப்பிடிப் பக்கம், குண்டுமணி போன்ற அந்த ஈயத் தலை உட்காருகிற இடத்தில்தான் அறும். ரப்பர் உறையை ஒதுக்கிப் பார். ஒரே ஒரு இழை பிரிந்து கையைக் குத்தினாலும் அன்றைக்கே மாற்று. இன்னொன்று. கிளட்ச், பிரேக் லிவர்களைத் தாங்குகிற கவ்வி நட்டை உடும்புப் பிடியாக முறுக்காதே. வண்டி சாய்ந்தால் கவ்வி சுழன்று கொடுக்க வேண்டும், லிவர் உடையக் கூடாது.

மற்றவை சில்லறை: இரண்டு ஃபியூஸ், இன்சுலேஷன் டேப், எம்சீல், ஒரு முழம் கட்டுக்கம்பி, தலையில் மாட்டும் டார்ச், கையுறை. டார்ச்சை மறக்காதே. ஏழாம் வகுப்புப் படிக்கும்போதே நீ டார்ச் பிடிக்கிற அழகை நம் பட்டறையில் எல்லோரும் சொல்வார்கள். கை எங்கே போகிறதோ வெளிச்சம் அங்கே இருக்கும். நான் வாயைத் திறக்கும் முன்பே பதினேழாம் நம்பரை நீட்டுவாய். பாலிடெக்னிக்கில் உனக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுத்ததாக நான் நினைக்கவில்லை.

வண்டி நின்றுவிட்டால் உடனே பையைப் பிரிக்காதே. இஞ்சினை அணைக்கிற கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு, பெட்ரோல், பிளக் தொப்பி, இந்த வரிசையில் பார். கில் சுவிட்சில் கை பட்டதை அறியாமல் கார்புரேட்டரையே கழற்றிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். உன்னுடையது 2018 வண்டி, கிக்கர் இருக்கிறது, பேட்டரி போனாலும் உதைத்து எடுத்துவிடலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு புதுப் புகை விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெட்ரோல் பம்புக்கே பேட்டரி வேண்டும். அடியோடு செத்துவிட்டால் தள்ளினாலும் கிளம்பாது. புது வண்டி மாற்று மாற்று என்று நான்தான் உன்னை நச்சரித்தேன். மாற்றாததே நல்லது. தவணை எதுவும் தலையில் இல்லாமல் இருப்பது நல்லது.

இறக்கத்தில் இரண்டாம் கியரை விட்டு மேலே போகாதே. பெட்ரோல் மிச்சம் என்று இஞ்சினை அணைத்துவிட்டு உருட்டாதே. இருட்டுவதற்குள் இறங்கிவிடு. தனியாகப் போகாதே. அந்தப் படத்தில் உன் கை நீண்டிருப்பதைப் பார்த்தேன், நீயேதான் எடுத்திருக்கிறாய். எடுத்துக்கொடுக்கக்கூட ஆள் இல்லாமல் போயிருக்கிறாய். போவதானால் எந்த மலை, எந்த வழி என்று சின்னவளுக்காவது ஒரு வரி அனுப்பு. எனக்கு வேண்டாம், அவளுக்கு அனுப்பு. மலையில் சிக்னல் போய்விடும், மேலே ஏறும் முன்பே அனுப்பிவிடு. 108, 112 இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி, ரத்த வகையோடு பர்சில் வை.

வேறு செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அத்தை பெண்ணுக்கு நிச்சயம் ஆகிவிட்டது, அம்மா விவரம் சொல்வாள். மாமா வந்திருந்தார். உன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று அவர் பையனுக்காகக் கேட்டார். இப்போது எடுக்கவில்லை என்று நானே சொல்லிவிட்டேன். நீ எதுவும் விசாரிக்க வேண்டாம். யாராவது போன் செய்து கேட்டாலும் அப்பாவிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்.

நேற்று சாயங்காலம் நாமக்கல்லில் பழைய டிரைவர்களோடு உட்கார்ந்திருந்தேன். லோடு இல்லாமல் நிறைய வண்டி நிற்கிறது. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. நாக்பூரில் பதினொரு நாள் லோடுக்காகக் காத்துக் கிடந்துவிட்டு நான் வெறுங்கையோடு வந்தபோது உன் அம்மா என்ன செய்தாள் என்று உனக்கே தெரியும். நீயும் அன்றைக்கு வாசலில்தானே உட்கார்ந்திருந்தாய்.

செயின், முன், பின் பல்சக்கரம் என்று செயின் ஸ்பிராக்கெட் செட் முழுதாக வாங்கி வைத்துவிட்டேன். செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பல் புதுச் செயினையும் தின்றுவிடும், மூன்றையும் சேர்த்துத்தான் போட வேண்டும். அதைப் பார்சலில் அனுப்பவில்லை. அங்கே யாரிடமும் கொடுத்து மாட்டாதே, நட்டை உடைத்துவைப்பார்கள். இங்கே கொண்டுவா, நான் மாட்டித் தருகிறேன். அதுவரை மலைப் பக்கம் போகாதே. இங்கே வருவதற்கு மட்டும் அந்தச் செயின் தாங்கும், எண்ணெய் போட்டுவிட்டு மெதுவாக வா. எந்தக் கிழமை வந்தாலும் சரி, எத்தனை நாள் இருந்தாலும் சரி.

பையின் அடி அறையில் பிளாஸ்டிக் உறைக்குள் பணம் இருக்கிறது. மலையில் சிக்னல் இல்லாவிட்டால் போனில் பணம் அனுப்ப முடியாது, ரொக்கம் வேண்டும் என்றுதான் வைத்தேன். பின் டயருக்கும் சேர்த்து. அவசரத்துக்கு வாடகைக்கே கொடுத்தாலும் நான் கணக்குக் கேட்க மாட்டேன்.

பார்சல் வெள்ளிக்கிழமை ஓசூர் புக்கிங் ஆபீசுக்கு வந்துவிடும். காலை பத்து மணிக்கு மேல் போ. ரசீதைப் படம் எடுத்துச் சின்னவள் உனக்கு அனுப்புவாள். அடையாள அட்டை கேட்பார்கள். கம்பெனி அட்டையெல்லாம் வேண்டாம், ஆதார் போதும் என்று சொன்னார்கள்.

அன்புடன்,
அப்பா