எடிட்டர் உருவாக்குபவர்களே, எரருக்கு நேராகக் கூட்டிப் போங்கள்

நிரல் எழுதும் எடிட்டர்களை உருவாக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். அடுத்த பிரச்சினைக்குத் தாவ ஒரு ஷார்ட்கட் வைத்திருக்கிறீர்களே, அது ப்ராஜெக்ட் முழுக்க இருக்கும் எரர்களில், அதாவது திருத்தியே ஆக வேண்டிய பிழைகளில் மட்டும் முதலில் நிற்க வேண்டும், அவை தீர்ந்த பிறகுதான் வார்னிங் எனப்படும் வெறும் எச்சரிக்கைகள் பக்கம் போக வேண்டும். செட்டிங்ஸில் தேடிப் பிடித்து மாற்றும் வேலையே இல்லாமல், இன்ஸ்டால் செய்ததுமே அப்படி இருக்க வேண்டும்.

ஒரு ஃபங்ஷனில் புதிதாக ஒரு பாராமீட்டர், அதாவது அதை அழைக்கும்போது கொடுக்க வேண்டிய இன்னொரு மதிப்பு, சேர்க்கிறோம் என்று வையுங்கள். அதை அழைக்கும் இடமெல்லாம் சிவப்பாகிவிடும். வரிசையாகத் தாவித் தாவித் திருத்திக்கொண்டே போகலாம் என்று விசையை அழுத்தினால், நடுவில் பயன்படுத்தாத வேரியபிள், தேவையில்லாத இம்போர்ட் என்று ஒவ்வொன்றிலும் நின்று நின்று போகிறது, நான்கு தடவை அழுத்துவதற்குள் எதைத் திருத்திக்கொண்டிருந்தோம் என்பதே மறந்துபோகிறது. வார்னிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதைப் பார்க்கும் நேரம் வேறு.

இது முடியாத காரியமும் இல்லை. இன்டெல்லிஜே என்ற எடிட்டரில் எஃப்2 அழுத்தினால், அந்த ஃபைலில் எரர் இருக்கும்வரை வார்னிங்கில் நிற்காது. வி.எஸ். கோட் என்ற எடிட்டரில் எஃப்8 ஒரு ஃபைலிலிருந்து அடுத்த ஃபைலுக்கே தாவுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். எது எரர், எது வார்னிங் என்ற தகவலும் உங்கள் கையிலேயே இருக்கிறது: எடிட்டரும் நிரலைப் பரிசோதிக்கும் கருவியும் பேசிக்கொள்வதற்கென்று 2016இல் வந்த லாங்குவேஜ் சர்வர் ப்ரோட்டோகாலில் எரருக்கு 1, வார்னிங்குக்கு 2, தகவலுக்கு 3, குறிப்புக்கு 4 என்று எண்ணே கொடுத்திருக்கிறார்கள்.

திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடர் வைத்து நிரல் எழுதுபவர்களையும், கைவலியால் மவுஸைத் தொட முடியாதவர்களையும் தயவுசெய்து நினைத்துப் பாருங்கள். சிவப்பு நெளிகோட்டைக் கண்ணால் தேடி க்ளிக் செய்யும் வழி அவர்களுக்கு இல்லை. எனக்குச் சில நொடி மிச்சமாகும் விஷயம், அவர்களுக்கு வேலை செய்யவே வேண்டிய வழி.

அப்புறம் இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். டைப்ஸ்க்ரிப்ட் என்ற நிரல் மொழியில் ஒரு மூடும் நெளி அடைப்புக்குறியை (}) விட்டுவிட்டால் எரர் பெரும்பாலும் ஃபைலின் கடைசி வரியில் போய் விழும். அங்கே தாவி என்ன பயன், திருத்த வேண்டிய இடம் எங்கோ மேலே இருக்கிறது. ஆனால் நிரலைப் படித்துப் பிழை சொல்லும் கம்பைலர் சும்மா இருப்பதில்லை, எந்தத் திறப்புக் குறிக்கு ஜோடி கிடைக்கவில்லை என்று அந்த இடத்தையும் சேர்த்தே அனுப்புகிறது. அந்தத் துணைத் தகவலை எரர் செய்திக்குக் கீழே சின்ன எழுத்தில் காட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். எரரில் நிற்கும்போது இன்னொரு விசையைத் தட்டினால் கர்சர் நேராக அந்தத் திறப்புக் குறியில் போய் நிற்கட்டும், மறுபடி தட்டினால் பழைய இடத்துக்கே திரும்பட்டும். எந்த விசை என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.