அப்பத்தாவின் ரேடியோவுடன் வரும் கடிதம்

பண்ணைக்காடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல்.

போன மாதம் நீ அப்பத்தாவின் ரேடியோவை மதுரைக்கு எடுத்துப்போகட்டுமா என்று கேட்டபோது, தகர டப்பாவுக்குள் ஆள் பேசுவதுபோல் ஒலிக்கும் ஒன்றைக் கொடுத்தனுப்ப எனக்கு மனம் வரவில்லை. வேலை முடிந்துவிட்டது, நாளைக் காலை பஸ்ஸில் கொடுத்து விடுகிறேன். நீ அதைத் திறந்து பார்க்காமல் இருக்கமாட்டாய் என்பது தெரியும் என்பதால், உள்ளே என்ன மாற்றியிருக்கிறேன் என்பதை எழுதிவிடுகிறேன்.

கடை வைத்திருந்த காலத்தில், 'சவுண்டு பத்தலை' என்று செட்டைக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோருக்குக் குறை சத்தத்தின் அளவில் இருந்ததில்லை; அடிக்குரல் இல்லாததையே அவர்கள் அப்படிச் சொன்னார்கள். அதற்குப் பெரிய ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் அதே தகரச் சத்தம்தான் இன்னும் உரக்கக் கேட்கும். இதை நீயே சோதித்துப் பார்க்கலாம். பாடிக்கொண்டிருக்கும் சிறிய ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து கழற்றிக் கையில் பிடித்தால் தவிலின் கூர்மையான வலப்பக்கமான வலந்தலை மட்டும் சுள்ளென்று கேட்கும், அடிக்குரல் தரும் இடப்பக்கமான தொப்பி கேட்காது. அதே ஸ்பீக்கரை, வாழைத்தார் வந்த அட்டைப்பெட்டியில் அதன் வாயளவுக்கு ஒரு துளை வெட்டி அதன்மேல் அழுத்திப் பிடித்தால், தொப்பியும் சேர்ந்து கேட்கும். ஸ்பீக்கரில் அதிர்கிற கூம்பான கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. அடிக்குரலின் அலை நீளமானது என்பதால் பின்பக்கத்து அலை சுற்றி வந்து முன்பக்கத்து அலையை அழித்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். அப்பத்தாவின் செட்டில் அந்தத் தடுப்பு மெல்லிய பிளாஸ்டிக். பின்மூடியிலோ வரிசையாக ஓட்டைகள்.

ஆகவே, தோட்டத்தில் காற்றுக்குச் சாய்ந்த சில்வர் ஓக் மரத்தின் அரை அங்குலப் பலகையில் ஒரு பெட்டி செய்து, போர்டையும் டயலையும் அதற்குள் மாற்றிவிட்டேன். பழைய ஸ்பீக்கரின் கோன் மலைப்பனியில் நமுத்து ஓரத்தில் பசை விட்டிருந்தது. இரண்டு விரலால் சமமாக அழுத்தியபோது, கோனை அசைக்கும் கம்பிச்சுருளான காயில் உள்ளே சரசரவென்று உரசியது. ஓரத்தை ஒட்டிவிடலாம், உரசும் காயிலை ஒன்றும் செய்ய முடியாது. எனவே 4 அங்குல, 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றைப் போட்டிருக்கிறேன். பின்பலகையைச் சுற்றி மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டியிருப்பதால் காற்று கசியாது. திறந்தால் அதைப் பிய்த்துவிடாதே.

அடுத்தது கண்டன்சர். இந்த செட்டில் ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே, பேட்டரியின் நேர்மின்னோட்டம் காயிலுக்குப் போய்விடாமல் தடுத்து, பாட்டை மட்டும் கடத்துகிற ஒரு எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் இருக்கிறது. அதன் மின் கொள்ளளவு 100 மைக்ரோஃபாரட். 8 ஓம் ஸ்பீக்கரோடு கணக்குப் போட்டால் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெலியத் தொடங்கும். ஆண்குரலின் அடித்தளமே 100, 120 ஹெர்ட்ஸ் அளவில் இருப்பதால்தான் செய்தி வாசிக்கிறவருக்கு ஜலதோஷம் பிடித்ததுபோல் கேட்டது. 470 மைக்ரோஃபாரட் போட்டதில் அந்த எல்லை 42 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது. 1000 போடலாமே என்று கேட்பாய். இந்தச் சிறிய ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே பாட முடியாது, வீண் செலவு. நீ எப்போதாவது மாற்ற நேர்ந்தால் பிளஸ் கால் ஆம்ப்ளிஃபயர் பக்கமும் மைனஸ் கால் ஸ்பீக்கர் பக்கமும் இருக்கவேண்டும் என்பதை மறக்காதே. அந்த 1000 மைக்ரோஃபாரட் ஒன்றை பேட்டரிக்குக் குறுக்கே போட்டிருக்கிறேன். நான்கு செல்லும் சற்றுப் பழசானபின் தவிலின் ஒவ்வொரு அடிக்கும் வோல்டேஜ் துவண்டு ஒலி கரகரப்பதை அது ஓரளவு தாங்கும்.

ஒரு தவறும் செய்தேன். புதிய ஸ்பீக்கரின் காந்தம் பெரியது. அதை, மீடியம் வேவுக்கு ஏரியலாக இருக்கும் ஃபெரைட் கம்பிக்கு நேர் கீழே பொருத்திவிட்டு, இரவு மீடியம் வேவைத் திருப்பினால் நிலையங்கள் மங்கி, டயலில் இடமும் தள்ளிப்போயிருந்தன. நிலையங்களைப் பிரித்தெடுக்கும் ஐ.எஃப். காயிலைத் திருகித் திருகி இரண்டு நாட்களை வீணாக்கிய பிறகுதான், பலமான காந்தம் அருகில் இருந்தால் ஃபெரைட்டின் குணம் மாறிவிடும் என்பது நினைவுக்கு வந்தது. முப்பது வருடம் கடை நடத்தியவனுக்கு! கம்பியைப் பெட்டியின் மேல்மூலைக்கு மாற்றியதும் சரியாயிற்று. உன் அம்மா இன்னும் சிரிக்கிறாள்.

மீடியம் வேவில் இதற்குமேல் எதிர்பார்க்காதே. நிலையங்களுக்கிடையே 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. பக்கத்து நிலையம் புகாமலிருக்க செட்டே கீச்சொலியை வெட்டிவிடுகிறது. பண்பலை அப்படியல்ல, 15 கிலோஹெர்ட்ஸ் வரை வரும். 100.5இல் கோடை பண்பலையை வை; மலைமேல் நிற்கிற கோபுரம் என்பதால் மதுரையிலும் தெளிவாகக் கேட்கும். டோன் குமிழை முழுக்க வலப்பக்கம் திருப்பிவிடு. இந்த செட்டில் அது கீச்சொலியைக் குறைக்க மட்டுமே தெரிந்த குமிழ். அப்பத்தா அதை எப்போதும் இடப்பக்கமே வைத்திருந்தாள், காது கூசுகிறதென்று.

பெட்டி கனம் கூடிவிட்டது, கைப்பிடியை மட்டும் நம்பித் தூக்காமல் அடியிலும் கை கொடு. ஊருக்கு வரும்போது செல்களைக் கழற்றிவிடு, கசிந்தால் ஸ்பிரிங் அரித்துவிடும். செல்போன் சார்ஜரை ஒட்டுப்போட்டு இணைக்க நினைக்காதே. அது 5 வோல்ட்தான், நான்கு செல்லுக்குக் குறைவு; இரைச்சலும் சேர்ந்து வரும். ரேடியோவைச் சுற்றிவைத்திருக்கும் கம்பளி அம்மாவுடையது, அதை அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிடு. இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

அன்புடன்,
அப்பா