வடக்கே என்ன இருக்கிறது என்று கேட்டாயே, கலா

திருவொற்றியூர்
மே 10

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை என்று ஆரம்பிக்காதே. நடுவில் போனில் அத்தனை நேரம் பேசினோமே, அதிலேயே கணக்கு தீர்ந்தது. என் முட்டி அப்படியேதான் இருக்கிறது. மாடிக்குக் குடிவந்தவர்கள் தண்ணீர் மோட்டார் விஷயம் தவிர மற்றதில் நல்ல மாதிரி. பூரி டீச்சரைத் தேரடியில் பார்த்தேன். இன்னமும் அதே குடை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் போனில் நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? மே கடைசியில் பேரப்பிள்ளைகளோடு வருகிறோம், உன் வீட்டில் ரெண்டு நாள், அப்புறம் மகாபலிபுரம் பக்கம் ஏதோ ரிசார்ட், நீச்சல் குளம், குதிரை சவாரி. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "மெட்ராசுக்கு வடக்கே குழந்தைகளுக்குப் பார்க்க என்னடி இருக்கு?" என்றாய். அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். ராத்திரி படுத்தபிறகுதான் கோபம் வந்தது. உன் மருமகள் கேட்டிருந்தால் விட்டிருப்பேன், பாவம், அவளுக்கு என்ன தெரியும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று நின்றே ஸ்கூலுக்கு லேட்டாகப் போய் முட்டி போட்ட நீ கேட்கலாமா?

அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய்.

இந்தச் சித்திரையில் நானும் நம் எண்ணூர் ஸ்டெல்லாவும் பொன்னேரிக்குப் போனோம், ஹரிஹரன் சந்திப்புக்கு. நம் அம்மாக்கள் காலத்தில் சொல்லக் கேட்டதோடு சரி, நாம் போனதே இல்லை. திருவாயர்பாடி கரிகிருஷ்ண பெருமாள் கோயிலில் சித்திரை பிரம்மோற்சவம் நடக்கும் இல்லையா, அதில் ஐந்தாம் நாள் கருட சேவை. அன்றைக்குப் பெருமாள் கருடன்மேல் ஏறிக் கிளம்பி வருவார். அந்தப் பக்கமிருந்து அகத்தீஸ்வரர் வருவார். இரண்டு பேரும் கடைவீதியில் நேருக்கு நேர் சந்திப்பார்கள். அகத்தியருக்கும் பரத்வாஜருக்கும் காட்சி கொடுத்த கதை அது. அந்தத் தெருவுக்குப் பெயரே ஹரிஹரன் கடைவீதிதான்.

சாமி எப்போது வரும் என்று யாரைக் கேட்டாலும் "இதோ வந்துட்டாங்கம்மா" என்பதுதான் பதில். அந்த 'இதோ'வுக்குள் நாங்கள் ஒரு கோடைக்காலத்தையே வாழ்ந்துவிட்டோம். தெரு முழுக்கக் கடை. வளையல், பொரி, மிளகாய் பஜ்ஜி, மரப்பொம்மை, மண்சட்டி, ராட்டினம். நாலைந்து இடத்தில் தண்ணீர்ப் பந்தல் போட்டு மோரும் பானகமும் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். சுற்றுவட்டக் கிராமத்து ஜனம் டிராக்டரிலும் டாட்டா ஏஸிலும் வந்து இறங்கியது. பாயை விரித்துக் குழந்தைகளை அங்கேயே தூங்க வைத்துவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி, தன் மூன்று மருமகள்களையும் பற்றி வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டு, "நீ எந்த ஊரு?" என்று கேட்டாள். திருவொற்றியூர் என்றேன். "அப்ப நீ வடிவுடையம்மன் பக்கம். நம்ம ஜனந்தான்" என்று வெற்றிலைப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

ஸ்டெல்லா கழுத்தில் ஜெபமாலையோடு நின்றாள். அவளைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு சின்னப் பையன் மட்டும் "ஆன்ட்டி, நீங்க யாரு பக்கம்? பெருமாளா, சிவனா?" என்று கேட்டான். "நான் வளையல் கடை பக்கம்டா" என்றாள். அது பொய்யும் இல்லை. கை நிறைய வாங்கினாள்.

சாமி வந்தபோது என்ன நடந்தது என்று எழுத முயற்சி செய்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். இரண்டு பக்கமும் மேளம், தீவட்டி, இரண்டு பக்கத்துக் கூட்டமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. இரண்டு சாமியும் நெருங்க நெருங்க, "கோவிந்தா" என்று கத்துகிறவன் வாயிலேயே "நமச்சிவாய" வருகிறது. நானும் இரண்டையும் கத்தினேன். முட்டி வலி அப்போது எங்கே போயிருந்தது என்று உங்கண்ணன் கேட்கிறார். அவருக்கென்ன, வீட்டில் விசிறிக்கடியில் படுத்திருந்தார். நாங்கள் வந்து சேரும்போது விடிந்துவிட்டது. கதவைத் திறந்தவர் "சாமி ரெண்டு பேரும் சமாதானமா?" என்றார். அவருடைய ஜோக் எல்லாம் உனக்குத் தெரியும்.

இது சித்திரையோடு முடிந்துவிட்டது, நீ வரும்போது இருக்காது. அடுத்த வருஷத்துக்குக் குறித்து வை. நீ வருவதற்குள் அக்னி நட்சத்திரம் முடியும் தறுவாயில் இருக்கும். கத்திரி முடிந்தால் குளிர்ந்துவிடும் என்று நினைக்காதே, உனக்கே தெரியும். ஆனால் வெயிலைச் சொல்லிப் பயமுறுத்துகிற உன் மருமகளிடம் சொல், நீச்சல் குளத்துக்கு மேலேயும் அதே சூரியன்தான்.

இப்போது என் திட்டம். முதலில் பழவேற்காடு. இங்கே திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் ஒரு டீ காசில் பொன்னேரி. அங்கிருந்து பஸ். விடிகாலை வண்டியில் போய்விட வேண்டும், பதினோரு மணிக்கு மேல் அங்கே நிழல் கிடையாது. உன் பேரனுக்குப் பேய்க்கதை பிடிக்கும் என்றாயே, அவனை நேராக டச்சுக் கல்லறைக்குக் கூட்டிப்போவோம். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். அதைவிட எந்த ரிசார்ட்டில் என்ன காட்டிவிடுவார்கள்? டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டியது 1613-ல். ஜெல்டிரியா என்று பெயர். இங்கிலீஷ்காரன் மதராசில் கால் வைத்ததே 1639-ல்தான். அதாவது நம் மதராஸ் பிறப்பதற்கு முன்பே அங்கே கப்பல் கப்பலாகத் துணி ஏறிக்கொண்டிருந்தது. கோட்டை இப்போது முட்புதர்தான், அதைப் பெரிதாகச் சொல்லிக் கூட்டிப்போய் ஏமாற்றாதே.

ஏரியைப் பார்த்தால் பிள்ளைகள் அதைக் கடல் என்பார்கள். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உப்புநீர் ஏரி அது. பூநாரை கூட்டம் கூட்டமாக வேண்டும் என்றால் மார்கழி, தையில்தான் வரவேண்டும். இப்போது அதிர்ஷ்டம் இருந்தால் நாலு நிற்கும். மீன்பிடித் தடைக்காலம் வேறு, ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும். காசிமேட்டில் பெரிய படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது, வஞ்சிரம் விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் ஏரியில் சின்னப் படகுக்காரர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். இறால், நண்டு, மடவை கிடைக்கும். ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று அவர்களுக்குள் முறை வைத்திருக்கிறார்கள். பாடு என்று பெயர். முறை மாறி மாறி வரும், நல்ல இடம் ஒருத்தருக்கே நிரந்தரமாகப் போகாது. கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருத்தர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். உன் மாமியார் வீட்டுச் சொத்துப் பிரிவினைக்கு அவரை அனுப்பியிருக்கலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கரையில் யாராவது "படகுல ஒரு ரவுண்டு" என்று கூப்பிட்டால் வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். ஒரே குடும்பத்து ஜனம், உல்லாசமாக வந்தவர்கள். பிள்ளைகள் அழுதால் அழட்டும், கரையிலேயே நண்டு பிடிக்கலாம்.

ரயிலில் எண்ணூர் தாண்டியதும் ஆற்றைக் கடக்கும் இல்லையா, அந்த இடத்தில் உன் பிள்ளைகள் மூக்கைப் பொத்தும். புகைபோக்கியைக் காட்டி "அது என்ன பாட்டி" என்று கேட்கும். மறைக்காதே, சொல். நான் ஒன்றும் இங்கே சொர்க்கம் என்று எழுதவில்லை. கன்டெய்னர் லாரிக்கு நடுவில் தெருவைக் கடப்பதும், மேல்காற்று அடித்தால் மணலி வாசனை வீட்டுக்குள் வந்து உட்காருவதும் எனக்குத் தெரியாதா? பொன்னேரிக்குப் போகும்போது அந்தப் பாலத்தில் ஸ்டெல்லா ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அதற்குப் பிறகு அவள் வீட்டுக்காரர் ஆற்றில் இறங்குவதையே குறைத்துவிட்டார். படகு, வலை எல்லாம் கறுப்பாகி, தேய்த்துத் தேய்த்துக் கை புண்ணானது. இப்போது மகன் ஓசூரில் வீடு பார்த்துவிட்டான். ஆவணிக்குள் எண்ணூர் வீட்டைக் காலி செய்கிறார்கள். இதை அவள் உன்னிடம் சொல்லமாட்டாள். அவள் பெண் கல்யாணத்துக்கு நீ வரவில்லை என்பதையும் அவள் இதுவரைக்கும் வாயைத் திறந்து சொன்னதில்லை. நான் சொல்கிறேன்.

ஓசூர் ஒன்றும் தூரமில்லை என்பாய். எண்ணூரிலிருந்து செருப்பில்லாமல் நடந்து வந்து "விஜி, மாங்காய் இருக்கா" என்று கேட்கிறவள் ஓசூரிலிருந்து வருவாளா? மூன்று பேரும் சேர்ந்து ஒரு நாள் போய்வர இந்தக் கோடைதான் இருக்கிறது, கலா. ரிசார்ட்டில் அவளுக்கு என்ன வேலை? கூப்பிட்டாலும் வரமாட்டாள்.

அதனால் இன்னொரு யோசனையும் வைத்திருக்கிறேன். நீ இருக்கிற நாளில் வைகாசிப் பௌர்ணமி வந்தால் மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்த்துவிடுவோம். காலையில் மீஞ்சூர் பக்கம் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் நம் வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன். இச்சா, ஞான, கிரியா சக்தி என்பார்கள். நடுவில் வருவது நம் ஊர் என்பதால் மத்தியானச் சாப்பாடு என் வீட்டில். இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த டிராவல்ஸ்காரனும் செய்து தரமாட்டான். ஸ்டெல்லா முதல் இரண்டுக்கு வருகிறேன் என்றாள். மூன்றாவது அவளுக்கு ரொம்பத் தூரமாம், ஞானத்தோடு நிறுத்திக்கொள்கிறாளாம்.

சிறுவாபுரி பேச்சை எடுக்காதே. சொந்த வீடு வேண்டும் என்று ஆறு செவ்வாய் விடாமல் போனது நீ, சொந்த வீடு கட்டியது உன் நாத்தனார். முருகனுக்கு விலாசத்தை ஒழுங்காகச் சொல்லியிருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு இன்னொன்று. நீ கடைசியாக வந்தபோது தேரடிக்கு மெட்ரோ இல்லை. இப்போது சென்ட்ரலில் ஏறினால் நேராகக் கோயில் பக்கத்திலேயே இறங்கலாம். திரும்புகிற அன்றைக்கு பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ வாங்கித் தருகிறேன், வாழைத்தண்டு சூப்போடு. பர்மாவுக்குப் போகாமலே பர்மாச் சாப்பாடு. காரம் போதவில்லை என்று உன் பேத்தி சொன்னால் அவள் நம் ஜாதி, ஒப்புக்கொள்கிறேன்.

ரிசார்ட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டோம், திரும்ப வராது என்று உன் மகன் சொன்னால், ஒரு ராத்திரி போய்த் தொலையுங்கள். மிச்ச நாள் எனக்கு. தேதியை நீயே முடிவு செய்து எழுது, மருமகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று இழுக்காதே. ரயிலும் பெட்டி நம்பரும் தெரிந்தால் உங்கண்ணன் ஸ்டேஷனுக்கு வருவார். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு அவருக்குப் பென்ஷன் ஆபீஸ்.

ஸ்டெல்லாவுக்கு நீயே ஒரு போன் போடு. இன்றைக்கே.

உன்
விஜி

பி.கு.: பாக்கர்வடி கொண்டுவந்தால் இரண்டு பாக்கெட்டாகக் கொண்டுவா. போன தடவை ஒன்றை உங்கண்ணனே முடித்துவிட்டு, எறும்பு என்றார்.